சாவா மூவாப் பேராடு

விழுப்பரையருக்குப் பன்னிரண்டு ஏரி, மூன்று சுங்கம்,
எட்டு யானை என்பார்கள், நான் பார்த்தது இரண்டு.
முதல் தேவியார் பிள்ளைப்பேற்றில் போனபோது
என் பட்டிக்கு ஐம்பது ஆடு வந்தது.
திருநொந்தா விளக்கு ஒன்று,
நாளுக்கு உழக்கு நெய்,
சந்திராதித்தவரை.
கல்தச்சன் வெட்டியதை வாசித்துக் காட்டினான்:
சாவா மூவாப் பேராடு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஐப்பசி ஈரத்தில் குளம்பழுகிச் சாவது
உளிக்கு என்ன தெரியும்.
ஒன்று செத்தால் குட்டியொன்றை அங்கே நிறுத்து,
எண் சாகக்கூடாது, அவ்வளவுதான் என்றான்.

மதுரையில் அரசன் மக்கள் இருவரும்
முடிக்கு முட்டிக்கொண்ட வருஷம்
விழுப்பரையர் மூத்தவனை மூத்தவனிடம் அனுப்பினார்,
இளையவனை இளையவனிடம்.
எவன் வென்றாலும் வீடு நிற்கும். கெட்டிக்காரர்.
வைகைத் துறையொன்றில், முழங்கால் தண்ணீரில்,
இரண்டு பேரும் ஒரே பகலில் விழுந்தார்கள்.
யார் கையால் யார் என்று
தப்பி வந்த ஒருவனும் வாய் திறக்கவில்லை.

நூறு ஆடு.
மூத்தவனுடையவற்றுக்கு வலக்காதில் வெட்டு,
இளையவனுடையவற்றுக்கு இடக்காதில்.
கலக்காதே, தனித்தனிக் குளத்தில் நீர் காட்டு என்று ஓலை.
ஆனைமலைக்குக் கீழே இருப்பதே ஒரு குளம்.
மறுநாள் விடியலில் எல்லாம்
ஒன்றன் முதுகில் ஒன்று தலைவைத்துக் கிடந்தன.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

மகளைப் பழைய பகை தீர மேற்கே கட்டிக்கொடுத்தார்.
பகை தீர்ந்தது. மூன்றாம் வருஷம் அவளும்.
அரை விளக்கு, இருபத்தைந்து ஆடு.
கல்லில் 'மகளார்' என்று மட்டும் இருக்கிறது.
என் மனைவி காரிக்குப் பெயர் தெரியும்,
சின்ன வயதில் வெண்ணெய்க்கு வந்து நிற்பாளாம்:
பூவணத்தி.

தம்பி மகன் கதை கல்லிலும் இல்லை.
தம்பி செத்தபின் மடியில் இருத்திச்
சோறூட்டி வளர்த்த பிள்ளை.
மீசை முளைத்ததும் தகப்பன் பங்கைக் கேட்டான்.
கண்ணில் வைத்த சுண்ணாம்பைப் பற்றிக் காரி சொன்னபோது
நான் மோர்ப்பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
கழுவிய பானையையே மறுபடியும்.

ஒரு மாசி இரவு அவர் குடையில்லாமல் பட்டிக்கு வந்தார்.
கையில் கயிறு, கயிற்றில் ஒரு பெட்டையாடு.
"பொதுவா, இதன் நெய் எவ்வளவு நேரம் எரியும்?"
விரல் மடக்கிப் பார்த்தேன்.
நாளுக்கு ஒரு நாழிகை, சற்று மேலே, ஐயா.
"போதும்."
போகும்போது, என்னிடம் அல்ல,
"அவனுக்கு எதற்கு வெளிச்சம்."

போன ஆடியில் அவரும் போனார்.
மதுரையில் பத்து வருஷம் பிணையிருந்த கடைசி மகன்
கடனோலைகளோடு வந்து இறங்கினான்.
தகப்பனாருக்கும் ஒரு விளக்கு வெட்டச் சொன்னான்.
ஆடு புதிதாக எதற்கு,
பட்டியில்தான் இருக்கின்றனவே என்றான்.
கல்லில் இப்போது இருநூற்று இருபத்தைந்து.
பட்டியில் நூற்று எழுபத்தைந்து.
அந்த ஒற்றைப் பெட்டையின் வழியில் பதினேழு,
காதில் வெட்டில்லாதவை, எந்தக் கணக்கிலும் இல்லாதவை.
அவற்றையும் கறந்து சேர்க்கிறேன்.
இன்னும் முப்பத்து மூன்று குறைகிறது.

மூன்றாம் சாமத்தில் பெரியவர் விளக்கு தள்ளாடும்.
மண்டபத் தூணோரம் ஒருவர் எப்போதும் இருக்கிறார்,
கோயில் சோறு உண்பவர்,
பகலும் இரவும் அவருக்கு ஒன்று.
மூக்கைத் தூக்கி முதலில் சொல்வது அவர்தான்:
"திரி கருகுது, பொதுவா."