முள்ளுக்கு முகம் வைத்தல்

ஜப்பான் மூட்டையைச் செவ்வாய்க்கிழமைதான் பிரிப்போம்.
கட்டுக்கம்பி அறுந்ததும் அது ஒரு பெருமூச்சு விடும்.
யாரோ வீட்டுச் சோப்பின் வாசம்.
யோகோஹாமாவோ எதுவோ, நான் கண்டதில்லை,
அங்கே பிள்ளைகள் வளர்ந்து கழற்றிப் போட்டதெல்லாம்
சால்வீன் கரையில், மோல்மேனில்,
எங்கள் தகரக் கடைக்கு எடைக்கணக்கில் வருகிறது.

எல்லாவற்றிலும் பழம்.
இரவுச் சட்டையில் கன்னம் சிவந்த பீச்.
முதல் வருஷம் அதைக் கொய்யா என்று சொல்லியே விற்றேன்.
காலுறையில், கணுக்கால் பக்கம், ஜோடிச் செர்ரி:
ஒன்று தூங்குகிறது,
மற்றது அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.
மழைக்கோட்டு முதுகில் ஒரு முலாம்பழம்
தன்னையே கீற்றாக அரிந்து
தட்டில் வைத்து நீட்டுகிறது,
சிரித்துக்கொண்டே.

கிழிசலுக்கு ஒட்டுப்போடுவது என் வேலை.
போட்டுப் போட்டுத்தான் சூட்சுமம் பிடிபட்டது.
கண்ணைக் கீழே இறக்கு.
இரண்டையும் விலக்கி வை, சண்டை போட்டவர்கள் மாதிரி.
மூக்கு கூடாது. மூக்கு வந்தால் வயதாகிவிடும்.
வாய் ஓர் அரிசி நீளம், போதும்.
இந்த அளவில் ஸ்ட்ராபெரிக்கு வைத்தேன்,
எலுமிச்சைக்கு வைத்தேன்,
ஒருநாள் சலிப்பில் புளியங்கொட்டைக்கும் வைத்துப் பார்த்தேன்.
அதுவும் என்னைத் தூக்கிக்கொள் என்றது.

மழை பிடித்த ஜூன் மாதம்,
பள்ளிக்கூடம் திறக்கிற வாரம்,
தபால் ஆபீஸ் சந்து ஹ்னின் வந்தாள்
மகளோடும் மகளின் பையோடும்.
பையில் உள்ளங்கை அளவு ஓட்டை.
"இவளுக்கு டூரியான் வேண்டுமாம்.
முகம் வைத்த டூரியான்."

எத்தனை மூட்டை பிரித்திருப்பேன்.
ஒரு துணியிலும் டூரியான் கண்டதில்லை.
முடோன் சாலை நெடுக மலைமலையாய்க் குவிந்து
ஊரையே நாறடித்து மணக்கவைக்கும் பழம்,
அதைச் செல்லம் கொஞ்ச
அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலும்.

முதல் டூரியான் வட்டிக்காரன் மாதிரி வந்தது.
இரண்டாவதைப் பார்த்து வீட்டுக்காரர்
"முள்ளம்பன்றிக்கு வயிற்றுவலியா?" என்றார்.
முள்ளைச் சிறிசாக்கினேன், பலா ஆயிற்று.
மழுக்கினேன், சீத்தா ஆயிற்று.
கரண்டு போனது.
மெழுகுவத்தி வைத்துத் தையலைப் பிரித்தேன்.

கண்ணை இன்னும் கீழே.
இன்னும்.
அடிவயிற்றில், இரண்டு முள்ளுக்கு நடுவிலிருந்து
எட்டிப் பார்ப்பதுபோல் இரண்டு கறுப்பு மணி.
முள்ளைத் தொடவில்லை, கூராகவே விட்டேன்.
வந்துவிட்டது.

காலையில் குழந்தை ஒவ்வொரு முள்ளாய்
விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள்.
ஹ்னின் கேட்டாள்: "வாய்?"

ஊசியில் நூல் இருந்தது. எடுத்தேன்.
எதிர்ச் சாலையில் லாரி ஒன்று மெதுவாக,
தேவைக்கு மேல் மெதுவாகப் போனது.
அது முனை திரும்பும்வரை
மூன்று பேரும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"இருக்கட்டும் அக்கா," என்றாள் ஹ்னின்.
"இப்படியே அழகாக இருக்கிறது."
இரண்டாயிரம் கியாட்டை எண்ணிக் கொடுத்தாள்.

பத்து நாளில் பை திரும்பி வந்தது,
வார் அறுந்து.
டூரியானுக்கு யாரோ
பால்பாயிண்ட் பேனாவால் வாய் போட்டிருந்தார்கள்.
அரிசி நீளமெல்லாம் இல்லை.
இந்த முள்ளிலிருந்து அந்த முள்வரைக்கும்.
பல்லோடு.

வாரை மட்டும் தைத்துக் கொடுத்தேன்.