டோக்கன் நோட்டு

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் ஓரம்
சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு
வானிலை அறிக்கை வேண்டாம்.
ஏழேகால் பாசஞ்சர் போனதும்
ஆணியில் மிச்சம் தொங்கும்
தகர டோக்கன்களை எண்ணினால் போதும்.

தை மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு வண்டி.
ஹேண்டிலோடு ஹேண்டில் கொம்பு மாட்டிக்கொள்ளும்.
பனியில் நனைந்த சீட்டுகளைத்
துடைத்து வைப்பேன்,
யாரும் கேட்டதில்லை.

கத்திரியில் எழுபது.
வெயிலுக்கு முந்தி ஆறுக்கே வந்துவிடுவார்கள்.
சாயங்காலம் வண்டியை எடுக்கையில்
சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு
தபால் ஆபீஸ் வரை உருட்டிக்கொண்டே போவார்கள்.

ஐப்பசியில் கணக்கு குழம்பும்.
தூறலுக்கு ஐம்பது.
துறைமுகத்தில் புயல் கூண்டின் எண்
ஏற ஏற என் எண் இறங்கும்.
கூண்டு ஏற்றிய பல நாளில்
சுள்ளென்று வெயிலடிக்கும்.
வராதவர்கள் வராதவர்கள்தான்.

காற்றை மட்டும்
நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.
காலையில் கரையிலிருந்து கடலுக்கு,
மாலையில் கடலிலிருந்து கரைக்கு.
நெல்லிக்குப்பம் பக்கத்து ஆட்களை
வரும்போதும் போகும்போதும்
முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.
தேவனாம்பட்டினத்துப் பாவாடைராயனை
வரும்போதும் போகும்போதும்
நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது.
இரண்டு பேருக்கும் வாடகை பத்து ரூபாய்.

"வீட்ட மாத்தணும், இல்ல வேலைய மாத்தணும்,"
என்றார் ஒருநாள் மூச்சு வாங்கியபடி.
மறுநாள் செயினுக்கு எண்ணெய் போட்டிருந்தார்.

போன கார்த்திகையில்
காலேஜிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
மழைக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று ஆய்வாம்.
நோட்டை நீட்டினேன்.
பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டாள்.
"மழை கூடினா சைக்கிள் குறையுது, சரியா வருதுக்கா."
சரியாகத்தான் வருகிறது.

பிறகு விரல் ஒரு வரியில் நின்றது.
"இந்த ஒம்பதுக்குக் கீழ ஏன் இறங்கவே இல்ல?"

கெடிலம் பாலத்தடியை முட்டிய அன்றும் ஒன்பது.
டோக்கன் நாலு, ஞானசவுந்தரி.
பண்ருட்டியில் ஜவுளிக்கடை.
உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்து வருவாள்;
பாலிதீனில் சுற்றிய மாற்றுப் புடவையை
என் தட்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுவாள்.
லேட்டானால் அரைநாள் சம்பளம் போச்சு.
டோக்கன் பதினேழு, ராத்திரி வாட்ச்மேன்.
அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது
மழையே இல்லை.
மற்ற ஏழு பேரை நீயே வந்து பாரேன்,
மழை நாளாகப் பார்த்து
ஐந்தரைக்கு வா, என்றேன்.

அடுத்த வாரமே கொட்டியது.
தண்டவாளத்துக்கு நடுவே தவளைகள்.
ஆறு மணிக்கு போன் வந்தது:
"மழை கொஞ்சம் விட்டதும் வந்துர்றேங்க்கா."

சிரித்தேன். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவள்.
ஈரக்கையோடு தேதி போட்டு
ஒன்பது என்று எழுதினேன், மை பரவியது.

தட்டியோரம்
செம்மண்டலத்திலிருந்து நான் மிதித்து வந்த வண்டி
சொட்டிக்கொண்டிருந்தது.
அதற்கு டோக்கன் கிடையாது.