ஒற்றைக் கையால் திறக்கிற மூடி

நேற்றே மூடிகளைத் திருகிப் பார்த்துவிட்டேன்.
ஒற்றைக் கையால் திறக்க வராத எதுவும்
இந்தப் பையில் ஏறக் கூடாது.
மறுகை அந்நேரம் கட்டில் கம்பியில் இருக்கும்.
கம்பி இல்லையென்றால் சென்னியப்பன் மணிக்கட்டில்.

போன தடவை ஆளாளுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.
நெய் ஒழுகும் ஒப்புட்டு, கச்சாயம்,
தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறு,
அப்புறம் நாட்டுக்கோழிச் சாறு.
சாறு வார்டுக்குள் நுழைந்ததும்
நான் வாந்தி எடுத்தேன்.
எதிர்க்கட்டில்காரியும் எடுத்தாள்.
துடைக்க வந்த அக்கா கேட்டாள்:
"ஒறம்பரைக்கு வந்தீங்களா, பெத்துக்க வந்தீங்களா?"

இந்த முறை கணக்கு என்னுடையது.
ரெண்டு நோவுக்கு நடுவே நாலு நிமிஷமென்றால்
ஒரு நிமிஷம் மூச்சு திரும்ப,
அரை நிமிஷம் கத்தியதற்கு வெட்கப்பட,
மிச்சத்தில் எத்தனை வாய்?
பேரீச்சை ஒன்றைக் கொட்டை நீக்கி
கடிகாரத்துக்கு முன்னால் நின்று தின்றேன்.
ஐம்பது விநாடி. பல்லில் ஒட்டுகிறது.
கடலை உருண்டை படுதோல்வி.
மாரி பிஸ்கட் தானே கரைகிறது,
ஆனால் தூள் ரவிக்கைக்குள் இறங்கி
வேர்வையில் குத்தும்.
இளநீரைப் பாட்டிலில் ஊற்றினால் புளிக்கும்,
காயாகவே கொண்டுபோனால்
பிரசவ வார்டுக்கு ஒருத்தர்
அரிவாளோடு வர வேண்டும்.

கடைசியில் கருப்பட்டித் தண்ணி,
ஒரு சிட்டிகை உப்பு.
ராத்திரி ஷிப்டில் நாங்கள் குடிப்பதுதான்.
எட்டுத் தறியின் இரைச்சலில்
பன்னிரண்டு மணிநேரம் நிறுத்தி வைத்தது
இதற்கும் நிறுத்தும்.

சென்னியப்பனுக்குத் தனிப் பொட்டணம்.
கறிக்கோழி லோடு ஏற்றி
பல்லடத்திலிருந்து பாலக்காடு போய்த் திரும்புகிறவன்
போன தடவை வராண்டாவில் மயங்கி விழுந்தான்.
எனக்கு வைத்த குளுக்கோஸை
அவனுக்குக் கரைத்தார்கள்.
தேங்காய் பன் ரெண்டு, பூவன்பழம் நாலு.
மிக்சர் கிடையாது.
நான் பல்லைக் கடித்துக் கிடந்தபோது
அவன் மென்ற ஓமப்பொடிச் சத்தத்தை
மூணு வருஷமாகியும் மன்னிக்கவில்லை.

பையின் அடியில், துண்டுக்குள் சுருட்டி,
யாருக்கும் சொல்லாமல்
ரெண்டு புளி மிட்டாய்.
பூண்டும் மிளகுமாகப் பத்தியம் தொடங்குமுன்
எனக்கே எனக்கென்று ஒரு ருசி.

*

வியாழன் விடியலில் தண்ணி உடைந்தது.
நாலு நிமிஷம் என்று ஒன்று எங்கேயுமே இல்லை.
ஒரு நோவின் வாலைக் கவ்விக்கொண்டே
அடுத்தது வந்தது.
"வாய் நனைக்க மட்டும்" என்றார் ஜெபமணி சிஸ்டர்.
அதற்கும் நேரமில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஜுனு.
ஒடிசாக்காரி. ஏதோ ஸ்பின்னிங் மில்.
ராத்திரி பத்து மணிக்கே வந்தவளாம்.
அவளுடையவன் கேட்டுக்கு வெளியே,
அவள் தலைமாட்டில் ஒரு பாலித்தீன் கவர்,
அவ்வளவுதான்.
உதடு காய்ந்து வெள்ளையாகியிருந்தது.
சிஸ்டரிடம் கண்ணால் கேட்டேன்.
"ரெண்டு மடக்கு குடுக்கலாம்."
பாட்டிலை எட்டித் தள்ளினேன்.

மூடி ஒற்றைக் கையால் திறந்தது.
அவள் கை.
மறுகை கம்பியில் இருந்தது.

அவளுக்குப் பையன், ஏழே காலுக்கு.
எனக்கு மகள், அதற்குள் எட்டு ஆகியிருந்தது.
சென்னியப்பன் இந்தத் தடவை விழவில்லை.
பன்னும் தின்னவில்லை. இரண்டையும்
கேட்டுக்கு வெளியே நின்றவனுக்குக் கொடுத்துவிட்டானாம்.

ஜுனு கவரைப் பிரித்து நீட்டினாள்.
பொரி.
வாசமில்லை. மெல்லவே வேண்டாம்.
நாக்கில் வைத்ததும் காணாமல் போகிறது.
வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத்
தறிக்கு முன்னால் குவித்து வைக்கிறோம்,
எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

துண்டைத் துழாவி எடுத்தேன்.
அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
மூடிகளை மட்டும் சோதித்திருக்கிறேன்.
மிட்டாய் உறைக்கு ரெண்டு கை வேண்டும்.

ஒன்றில் மகள் இருந்தாள்.
பல்லால் கிழித்தேன்.