நூற்று முப்பத்தொன்று

வெண்ணெய் எளிது. சர்க்கரையும் எளிது.
'பொன்னிறமாகும் வரை' என்பதற்குக்கூட
எஸ்டோனிய மொழியில் நல்ல சொல் கிடைத்தது.
'ஒரு கப் மாவு'தான்
மூன்றாம் பக்கத்திலேயே காலை வாரிவிட்டது.

ஹெஸ்டர் பிளிம்ப்டன், வெர்மாண்ட் மாநிலத்துக்காரர்,
எழுதியிருப்பதெல்லாம் முகத்தலளவை.
எங்கள் தார்த்துப் பதிப்பகத்தில் சட்டம்:
எதையும் கிராமில்தான் அச்சிட வேண்டும்.
நடுவில் நான்,
கணக்கில் எப்போதும் சுமாரான மொழிபெயர்ப்பாளி.

சர்க்கரை, கப்புக்கு இருநூறு. நல்ல பிள்ளை,
எவர் அள்ளினாலும் பெரிதாக மாறாது.
தேன் முந்நூற்று நாற்பது,
கப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு வரமறுக்கும் மிச்சத்தோடு.
ஓட்ஸ் தொண்ணூறு, பாதிக்குப் பாதி காற்று.
மாவு மட்டும்
யார் கை என்று கேட்கிறது.

சோதித்துப் பார்த்தோம்.
பிப்ரவரி, வெளியே ஆறு உறைந்து கிடந்தது,
பிழைதிருத்தும் மேசையில் பழைய தாள்களை விரித்தோம்.
கணக்காளர் உர்வே கரண்டி கரண்டியாகத் தூவி
கத்தியால் தலைதட்டினாள்: நூற்று இருபத்தொன்று.
பக்கம் கட்டும் ஹில்லார்
முன்பு துறைமுகத்தில் சுமை ஏற்றியவர்,
பைக்குள் கப்பைக் குத்தி, கட்டைவிரலால் அமுக்கி
கோபுரமாக எடுத்தார்: நூற்று அறுபத்திரண்டு.
நான்? சொல்ல மாட்டேன்.
பாதி என் ஸ்வெட்டரில் இருந்தது.

ஹெஸ்டரையே கேட்டிருக்கலாம்.
அக்டோபரில் இறந்துவிட்டார்.

தொலைபேசியை எடுத்தவர் கணவர், ஆர்லோ.
நேர வித்தியாசத்தைத் தலைகீழாகக் கூட்டியிருந்தேன்,
அவருக்கு விடிகாலை நாலு மணி.
விழித்துத்தான் இருந்தேன் என்றார்.
"அவள் கப்பா? கைப்பிடி கிடையாது.
விளிம்பில் ஓரிடம் சில்லுப் போயிருக்கும்.
அந்தச் சில்லு வரைதான் மாவு.
டப்பாவை இரண்டு தரம் கிளறுவாள், முகப்பாள்,
மேசையில் ஒரே ஒரு தட்டு."
சற்றுப் பொறுத்து,
"ஒரே ஒரு தட்டு. அந்தச் சத்தத்துக்கு நாய் எழுந்து வரும்."

எடை? வீட்டில் தராசே இல்லை.
நாற்பத்தொரு வருஷமும் தேவைப்படவில்லை.

மறுநாள் அவர் இரண்டு தரம் கிளறி
முகந்து, தட்டி,
கப்பின் மேல் ஒரு சாஸரைக் கவிழ்த்து
பனிச்சேற்றில் நடந்து தபால் நிலையம் போயிருக்கிறார்.
கவுண்டரில் இருந்த பெண் மாவோடு நிறுத்தாள்,
தாளில் கொட்டிவிட்டு வெறுங்கப்பை நிறுத்தாள்,
கழித்தாள்.
எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டாளாம்.
"எஸ்டோனியாவுக்கு" என்றாராம் ஆர்லோ,
"எடையை மட்டும்."

நாலே ஐந்தெட்டு அவுன்ஸ்.
இருபத்தெட்டு புள்ளி மூன்று ஐந்தால் பெருக்கினேன்,
நானே பெருக்கினேன், உர்வே சரிபார்த்தாள்.
நூற்று முப்பத்தொன்று.

பக்கம் கட்டும்போது ஹில்லார்
அதை நூற்று முப்பது ஆக்கினார்.
சுழியம் என்றால் பத்தி அழகாக நிற்குமாம்.
நிறுத்துங்கள் என்றேன்.
நிறுத்துத்தானே பார்த்தோம் என்றார்.
ஒரு கிராம், ஒரு சிட்டிகை,
எந்தக் கேக்குக்கும் அது தெரியப்போவதில்லை,
அவர் சொன்னதெல்லாம் நியாயம்.
ஆனாலும் அச்சகத்துக்குப் போகுமுன்
எல்லோரும் மதிய உணவுக்கு இறங்கிய நேரத்தில்
சுழியத்தை அழித்து
ஒன்றை மறுபடி நட்டேன்.

புத்தகம் வந்த அன்று நானே சுட்டேன்.
எல்லாம் அளவுப்படி. கிராம் பிசகவில்லை.
ஓரம் கருகல், நடுவில் கூழ்.

அப்போதுதான் உறைத்தது,
ஹெஸ்டரின் அடுப்பு எவ்வளவு சூடு என்று
நான் கேட்கவேயில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
இந்த முறை சரியாகக் கழித்தேன்:
வெர்மாண்டில் நாலு மணி, விடிகாலை.

விழித்துத்தான் இருப்பார்.