தேறல்

மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை.
பாம்பெர்க் கூரைகளில் மிச்சமிருந்த பனி
சொட்டுச் சொட்டாய்க் கணக்கு முடித்துக்கொண்டிருந்தது.
ரைமாரின் நிலவறையில்,
சலவை இயந்திரத்துக்கும்
குன்ஹில்டின் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் இடையே
நாற்பது லிட்டர் பானை.
உள்ளே ஆறு கிலோ மால்ட்.
கஞ்சி என்றால் கஞ்சி, கூழ் என்றால் கூழ்.

மூன்றில் ஒரு பங்கை அள்ளி
வேறு சட்டியில் கொதிக்கவிட்டு
மறுபடி தாய்ப்பானையில் சேர்க்க வேண்டும்.
'இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள்?' என்றேன்.
'நான்' என்றான்.
கிளறும் வேலை எனக்கு.
அடிப்பிடித்திருந்தால் இந்தக் கவிதை இருக்காது,
எங்கள் நட்பும்தான்.

வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு எடுத்து
அயோடின் விட்டுப் பார்த்தான்.
நீலமாகவில்லை. மாவெல்லாம் சர்க்கரை.
தட்டை விளக்கடியில் தூக்கிக் காட்டினான்,
பாஸான பையன் மாதிரி.

பத்து டிகிரி குளிரில் இரண்டு வாரம்
அவசரமில்லாமல் தின்றது ஈஸ்ட்.
நடுவில் ஒரு நாள் வெண்ணெய் வாடை.
பழைய குளிர்பெட்டியின் கதவைத் திறந்துவைத்து
கொஞ்சம் கதகதப்புக் காட்டினான்; போய்விட்டது.
பிறகு ஒரு டிகிரிக்கு இறக்கி
கதவில் சீட்டு ஒட்டினான்:
'செப்டம்பர் வரை யாரும் தொடக் கூடாது.
குன்ஹில்ட், உனக்கும்தான்.'

மே மாதத்தில் இன்னொரு சொட்டு.
இம்முறை அவன் ரத்தம்.
ஈரலைப் பற்றிய மூன்று எண்கள், மூன்றும் சிவப்பில்.
டாக்டர் அம்மா சுருக்கமாகச் சொன்னார்:
இனி ஒரு மிடறு கிடையாது.
திருவிழாவுக்கும் கிடையாது.

கொட்டிவிடுவான் என்று நினைத்தேன்.
சனிக்கிழமை தவறாமல் கீழே இறங்கி
வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்தான்.
ஜூலைப் புழுக்கத்தில் மின்சாரம் போன இரவு
பெட்ரோல் நிலையங்களில் அலைந்து
பை பையாய் ஐஸ் வாங்கி வந்து அடுக்கினான்,
தான் குடிக்கப்போகாத ஒன்றைச் சுற்றி.
குன்ஹில்ட் படியில் நின்று பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று மணிக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா என்பார்கள்.
ஆறவும் பொறுத்து,
இலையில் உட்காரவே கூடாதென்று ஆனவனுக்குப்
பழமொழி ஏதும் இல்லை.

செப்டம்பரில் நாள் குறித்ததும் அவன்தான்.
கோப்பையைச் சாய்த்து ஊற்றினான்.
புளி போட்டு விளக்கிய செம்பின் நிறம்.
மூக்கருகே கொண்டுபோனான்,
நெடுநேரம் அங்கேயே வைத்திருந்தான்,
பிறகு என்னிடம் நீட்டினான்.

'சொல்.'
'நன்றாக இருக்கிறது.'
'அதெல்லாம் ஒரு பேச்சா?'
இன்னொரு வாய். 'ரொட்டியின் தோல்.'
'மேல் தோலா, அடியா?'
'அடி. அடுப்புக் கல் பட்ட பக்கம்.'
'இனிப்பு?'
'வருகிறது. உட்காராமல் போய்விடுகிறது.'
'கசப்பு?'
'கடைசி ஆள். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போகிறது.'
எழுதிக்கொண்டான், எழுத்துக்கூட்டி.
'வெண்ணெய்?'
'துளியும் இல்லை.'
அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தான்.

கலங்கல் அடங்கித் தெளிந்த மதுவுக்குத்
தேறல் என்று ஒரு பழைய பெயர்.
நோயில் விழுந்தவர் தேறுவதும் அதே வேரிலிருந்துதான்.
அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது,
சொல்லிக் காட்ட எனக்கும் வாய் வரவில்லை.
இரண்டு எண்கள் கறுப்புக்குத் திரும்பிவிட்டன.
ஒன்று இன்னும் சிவப்பு.

என் கோப்பையில் ஒரு வாய் மிச்சமிருந்தது.
அவன் அதைப் பார்த்தான்.
குன்ஹில்ட் அவனைப் பார்த்தாள்.
நான் சட்டென்று எடுத்துக் குடித்துவிட்டேன்.

'ஆறு மாதம் காத்திருந்தோம்,' என்றான்,
'இப்போது என்ன அவசரம்?'