பதினொன்று

சிங்கம் பார்க்க வந்தோம்.
சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது.
நான்கு ஜீப்புகள், இருபது கேமராக்கள்.
வால்நுனி எப்போதாவது ஈ விரட்டியதைத் தவிர
வேறொன்றும் நடக்கவில்லை.

பின்சீட்டில் ஸ்லோவேனியக் கணவர்
கட்டிய பணத்தை மனைவியிடம் கணக்குப் போட்டார்
சிங்கத்தை எழுப்பிவிடாத குரலில்.

ஓட்டுநர் இருக்கையில் மைலேசி என்ஜோவு.
என்ஜோவு என்றால் யானையாம் அவர்கள் மொழியில்.
'குடும்பத்தில் ஒருத்தரும்
அறுபது கிலோவைத் தாண்டியதில்லை' என்று
முதல் நாளே சொல்லிச் சிரித்திருந்தாள்.

நான்கரைக்கு அவள் போன் அதிர்ந்தது.
தணிந்த பேச்சில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்,
மூன்று தடவை வந்தது.
யாரோ பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பினாள்.
மோப்பானே மரங்களுக்கிடையே குலுங்கிக் குலுங்கி
லுவாங்வா கரையில் போய் நின்றோம்.
ஆறு
வெல்லம் கரைத்த நிறத்தில் இருந்தது.

முதலில் ஒரு தும்பிக்கை
சூடு பார்ப்பதுபோல் நீரைத் தொட்டது.
பிறகு பெரியவள் இறங்கினாள்.
பிறகு எல்லோரும்,
நடுவில் ஒரு குட்டி, மொத்தமாய் முங்கி,
மூச்சுக்கு மட்டும் ஒரு சின்னக் குழாயை
வெளியே நீட்டிக்கொண்டு.

ஸ்லோவேனியர் அழுதுவிட்டார்.
நான் கைதட்டினேன், வெட்கமில்லாமல்.

மைலேசி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
கடைசி முதுகு நீர் வழிய அக்கரை ஏறிப்
புதரில் மறைந்ததும்
போனை எடுத்தாள்.
'லெவன்.'
அவ்வளவுதான் சொன்னாள்.

அக்கரையில்தான் அவர்கள் ஊர்.
மக்காச்சோளம் முற்றிய மாதம்.
எனக்கு அது உறைத்தபோது
கையில் படம் எடுத்த சூடு ஆறவில்லை.

இரவு, காற்று ஆற்றைத் தாண்டி வந்தது.
பக்கத்துக் கூடாரத்தில் யாரோ இருமினார்கள்.
அதற்கடுத்த கூடாரத்திலும்.
என்ன சமைக்கிறார்கள் இந்நேரத்தில், என்று ஒரு குரல்.
மிளகாய் கருகும் நெடியை
என் மூக்குக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
யானை லத்தியில் மிளகாய்த்தூள் பிசைந்து
காயவைத்த கட்டிகளை
வரப்பு வரப்பாய்க் கொளுத்துவார்கள் என்று
சமையற்காரன் சொன்னான்.
தொலைவில் தகரம் தட்டும் சத்தம்
விடியும்வரை விட்டுவிட்டுக் கேட்டது.

காலை ஐந்தரை. சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள்,
கண் சிவந்து,
துவைத்த சட்டையிலும் அந்த நெடி.

'இன்றைக்கும் யானை கிடைக்குமா?'
கேட்டது நான்தான்.
வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

'ஒன்பது திரும்பிவிட்டன' என்றாள்
கியரைப் போட்டபடி.
'இரண்டு
இன்னும் எங்கள் வயலில் நிற்கின்றன.'