நொடிக்குப் பன்னிரண்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
டயர்க் கடையின் மச்சில்
மூன்று பேர் ஒரு கிரகம் செய்துகொண்டிருந்தோம்.

ராட்சதர்களைக் குலசேகரத்து ரப்பர் ஷீட்டில் வெட்டினோம்.
புகைப்புரையில் வெந்து மஞ்சளித்த உடம்பு,
மூட்டுக்கு மூட்டு குண்டூசி.
சோற்றில்கூட அவர்கள் நாற்றம்.
சின்ன மனிதர்களுக்கு மணவாளக்குறிச்சிக் கரிமணல்,
ஊறுகாய்க் குப்பியில் பெர்லின் அள்ளி வந்தது.
கண்ணாடி மேலே மணல்.
கண்ணாடிக்குக் கீழே என் கை.
கையில், கோயில் கூரையில் மழை நனைந்து செத்த
ஒலிபெருக்கியின் காந்தம்.
நான் இழுத்தால் ஊரே நடக்கும்.
நொடிக்குப் பன்னிரண்டு படம்.

கதை ரெக்ஸ்லின் ஷீபாவுடையது.
அந்தக் கிரகத்தில் நிழலுக்கு வரி.
விடியலில் நிழல் நீளம், வரியும் நீளம்.
இல்லாதவர்கள் வெயில் ஏறும்வரை எழுவதில்லை,
படுத்தபடியே பல் தேய்ப்பார்கள்,
படுத்தபடியே சண்டை போடுவார்கள்.
ஒருத்தி நிழலை மடித்து
அக்குளில் இடுக்கிக்கொண்டு சந்தைக்குப் போவாள்.
பிடிபட்டால் இடுப்புக்கு மேலே வெட்டிவிடுவார்கள்,
நிழலை மட்டும்.
அப்புறம் அவள் எங்கே நின்றாலும்
தரையில் இரண்டு கால் நிற்கும்.

"இதெல்லாம் எங்க நடந்தது?" என்றான் பெர்லின்.
"வேற கிரகத்திலாக்கும்."
ஷீபா கத்தரியை நிறுத்தவில்லை.
ஒரு ராட்சதத் தொடை முழுக்க வெட்டி முடித்த பிறகு சொன்னாள்:
"கல்குளத்துக்குப் பக்கம்."

கலகம் பங்குனிக் கடைசியில்.
நம் வானத்திலும் உண்டு அந்த நாள்.
சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்க
பாலத்துத் தூண்கூட
தன் நிழலைத் தானே மிதித்து நிற்கும்.
அளவுகோலோடு இறங்கும் ராட்சதர்களுக்கு
அன்று அளக்க ஒன்றுமிருக்காது.
குனிந்து பார்த்தால்
அவர்களுக்கும் இருக்காது.
அந்த ஒன்றரை நிமிடத்துக்குள்
மணல் முழுக்க எழ வேண்டும்.

காட்சி நாற்பத்தொன்று.
ராத்திரி இரண்டு மணி.
காந்தத்தை நகர்த்தினேன்.
மணல் வரவில்லை.

சாவியை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது.
ஆணி ஒட்டியது.
"ஈரம் புடிச்சிருக்கும்" என்று
சாயாப் பாத்திரத்தில் மணலை வறுத்துத் தந்தான் பெர்லின்.
திரும்பக் கொட்டி, திரும்ப இழுத்தேன்.
எள்ளளவு அசையவில்லை.
முகம் என்று எதுவும் இல்லை அதற்கு,
ஆனாலும் அத்தனையும் கீழே பார்த்தது,
கண்ணாடி வழியே,
என் கையை.

ஷீபா அருகில் வந்து நின்றாள்.
"நீ யாருலே அதுவள எழுப்பிவிட?"

காந்தத்தைத் தண்ணீர் வாளியில் போட்டேன்.
கேமராவை அணைக்க மறந்துபோனோம்,
அல்லது மறந்ததாக மூவரும் சொல்லிக்கொண்டோம்.
ஐந்து நொடிக்கு ஒரு படம் அது பாட்டுக்கு எடுத்தது.
களியக்காவிளைக்குப் போகும் முதல் பஸ் பாலத்தில் ஏறியது,
மச்சு லேசாக நடுங்கியது.
பிறகு குளச்சல் மீன்வண்டி.
பிறகு பாறைப்பொடி ஏற்றிய டாரஸ் ஒன்று,
அதற்குப் பின்னால் இன்னொன்று.
ஒவ்வொரு நடுக்கத்துக்கும்
ஒரு மணியளவு,
ராட்சதனின் காலடியில் மணல் நகர்ந்தது.
விடியும்போது அவன் சாய்ந்திருந்தான்.
கணுக்கால் குண்டூசி
எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

முன்னூற்று முப்பத்தாறு படம்.
இருபத்தெட்டு நொடி.
ஓட்டிப் பார்த்தோம், திரும்ப ஓட்டினோம்.
பெர்லினுக்குப் பிடிக்கவில்லை,
மெதுவாக இருக்கிறதாம்.

காந்தம் வாளியிலேயே கிடக்கிறது.
எடுக்க யாருக்கும் கை வரவில்லை.
தண்ணீர் துருவேறிச் சிவந்துவிட்டது.
பெர்லின் அதில்தான் பிரஷ் கழுவுகிறான்.
கடைசிக் காட்சியின் வானம்
எங்களைக் கேட்காமலே
அந்த நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.